கடாரத்துறை முதல் மலாயா மண்டபம் வரை: அயல்நாட்டு மாணவர் மன்றங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழகம் ஒன்றில் பயிலும் அயல்நாட்டு மாணவர்கள் தமக்கெனச் சமூக, பண்பாட்டு மன்றம் ஒன்றினை அமைத்துக்கொள்வது இன்று பலரும் அறிந்த வழக்கமாகும். புதிதாக வந்தோரை வரவேற்றல், திருநாள்களைக் கொண்டாடுதல், அவரவர் நாட்டு உணவையும் கலையையும் பிறர்க்கு அறிமுகப்படுத்துதல் ஆகியன இத்தகைய மன்றங்களின் இயல்பான பணிகள். இவை பொழுதுபோக்கு அமைப்புகளாகவே பெரிதும் கருதப்படுகின்றன. ஆதலின், கல்வி வரலாற்றை எழுதுவோர் இவற்றின்மீது மிகுதியாகக் கருத்துச் செலுத்துவதில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் ஆசிய அரசியலிலும் தமிழ்க் கல்வி வரலாற்றிலும் பங்காற்றிய பலர் இத்தகைய மன்றங்களிலேயே பொதுவாழ்வின் முதற்பாடத்தைக் கற்றனர் என்பது நோக்கத்தக்கது.

இக்கட்டுரை அம்மன்றங்களின் வரலாற்றைக் கெடா மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள கூலிமை நிலைக்களமாகக் கொண்டு நோக்க முற்படுகிறது. கடல்கடந்து கற்கச் சென்றோரின் பழம்பாதை கெடாவின் வழியே சென்றது என்பதும், இலண்டனில் மாணவர் சங்கம் ஒன்றின் முதற் செயலாளராக விளங்கியவர் பின்னர்க் கூலிமின் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றினார் என்பதும் இதற்குரிய காரணங்களாகும். மன்றத்தை அமைத்தவர் யார், அங்கே பேசியவர் யார், அதனுள் நுழைய இயலாதவர் யார் என்னும் மூன்று வினாக்கள் இவ்வாய்வுக்கு வழிகாட்டுகின்றன.

மன்றமும் பொதியிலும்

மன்றம் என்னும் சொல் இன்று சங்கம், கழகம் என்னும் பொருளில் வழங்கினும், பண்டைத் தமிழில் அஃது ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்தது. ஊரவர் கூடி வழக்குரைக்கும் இடமாகவும், ஆடலும் பாடலும் நிகழும் இடமாகவும் அது விளங்கியது. அதனோடு இணைத்துக் கூறப்படும் பொதியில் புதியவராய் ஊருக்கு வந்தோர் தங்குமிடமாகவும் இருந்தது. பட்டினப்பாலை, புதியவர் தங்கும் பொதியிலைச் சுட்டுவதோடு, பல தேயத்து மொழி பேசுவோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்தமையையும் எடுத்துரைக்கிறது. அந்நூல் கூறும் காழகம் என்னும் இடத்திற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என உரை கண்டார். கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட முடிபாகும்.

இங்கு நமக்கு வேண்டுவது ஒன்றே. ஊரவர் பேசும் இடமும் வந்தவர் தங்கும் இடமும் அருகருகே அமைந்திருந்தன. தங்குவதற்கு இடம் தருதல், பேசுவதற்கு இடம் தருதல் ஆகிய இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டுமா, வேறாயிருக்க வேண்டுமா என்பதே பின்னாளைய மாணவர் மன்றங்கள் அனைத்திலும் மீண்டும் மீண்டும் எழுந்த சிக்கலாகும்.

கடாரம் வழிச் சென்ற மாணாக்கர்

சீனத் துறவியாகிய ஈ-ட்சிங் கி.பி. 671இல் குவாங்சௌ துறைமுகத்திலிருந்து புறப்பட்டு ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அங்கு ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயு வழியாகக் கெடாவை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி, 673இல் வங்கக் கரையிலுள்ள தாம்ரலிப்தியில் இறங்கினார். நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு கற்றபின் திரும்பும்போதும் அவர் கெடாவைத் தொட்டே சென்றார். இந்தியாவிற்குச் செல்ல விரும்பும் சீன மாணாக்கர் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கிப் பயிற்சி பெறுதல் நலம் என்றும் அவர் பரிந்துரைத்தார். அயல்நாட்டிற்குச் செல்லும் மாணவர்க்கு ஆயத்தப் படிப்பு வேண்டும் என்னும் கருத்து இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று என்பதை இதனால் அறியலாம்.

மேற்கே சென்ற துறவியரின் வரலாறுகளைத் தொகுத்த ஈ-ட்சிங், அவற்றினூடே ஒரு குறையையும் பதிவு செய்துள்ளார். பிற நாட்டார்க்கெல்லாம் இந்தியாவில் தத்தமக்குரிய விகாரைகள் உள்ளன. சீனர்க்கு மட்டும் அத்தகைய இடம் ஒன்றும் இல்லை. ஆதலின் வருவதும் போவதும் துன்பமாயின என்பது அவர் கூற்றின் சாரம். முன்னொரு காலத்தில் ஸ்ரீகுப்தர் என்னும் அரசர் சீனத் துறவியர்க்குக் கட்டிக்கொடுத்த கோயில் தம் காலத்தில் செங்கல் அடித்தளமாக மட்டுமே எஞ்சியிருந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். கற்க வந்த இடத்தில் தமக்கென ஓர் இல்லம் வேண்டும் என்னும் ஏக்கத்தின் மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று.

அவ்வேக்கத்திற்கு விடை கண்டவர் இத்தீவுகளின் அரசரே ஆவர். ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்தீவின் அரசராகிய பாலபுத்திரதேவர் நாளந்தாவில் ஒரு விகாரையைக் கட்டினார். அவர் வேண்டுகோளுக்கிணங்கப் பாலர் குலத்துத் தேவபாலர் ஐந்து ஊர்களை அதற்கு அறக்கொடையாக அளித்தார். நாற்றிசையிலிருந்தும் வரும் துறவியரின் உணவு, உடை, படுக்கை, மருந்து ஆகியவற்றிற்கும், நூல்களைப் படியெடுப்பதற்கும், கட்டடப் பழுது பார்ப்பதற்கும் அவ்வருவாய் உரியதென 1921இல் கண்டெடுக்கப்பட்ட நாளந்தாச் செப்பேடு கூறுகிறது. இன்றைய மாணவர் விடுதி ஒன்றின் செலவுப் பட்டியலும் இதனின்று பெரிதும் வேறுபடாது.

தமிழகத்தில் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரை இதற்கு இணையானது. சூளாமணிவர்மர் தொடங்கிய அப்பணியை அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் முடித்தார். முதலாம் இராசராசர் தம் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அளித்தமையை இலெய்டன் பெரிய செப்பேடு உரைக்கிறது. இது மாணவர்க்கென எழுந்த அமைப்பன்று. எனினும், வந்தவர் கட்டடத்தை எழுப்ப, இருந்தவர் நிலம் கொடுத்த முறை நாளந்தாவிற்கும் இதற்கும் பொதுவானது. இம்முறையில் விருந்தினர் வெறும் விருந்தினராக இல்லை. இல்லத்தின் உரிமையாளராகவும் இருந்தனர்.

இலண்டன்: விருந்தோம்பலும் கண்காணிப்பும்

தற்கால மாணவர் மன்றங்களின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1870இல் மேரி கார்ப்பெண்டர் என்னும் அம்மையார் பிரிஸ்டல் நகரில் தேசிய இந்தியச் சங்கத்தை நிறுவினார். பின்னர் இலண்டனை மையமாகக் கொண்ட அச்சங்கம், அங்குக் கற்க வந்த இந்திய மாணவரையும் ஆங்கிலேயக் குடும்பத்தினரையும் மாலை விருந்துகளில் ஒன்றுசேர்த்தது. நல்லெண்ணத்தால் எழுந்த இவ்வமைப்பில் மாணவர் விருந்தினராகவே இருந்தனர். யாரை அழைப்பது, எதைப் பேசுவது என்பவற்றை முடிவு செய்தவர் பிறரே.

இதற்கு மாறாக, 1891இல் கேம்பிரிட்ஜில் இந்திய மாணவர் தாமே அமைத்துக்கொண்டது மஜ்லிஸ். அச்சொல்லுக்கு அவை என்று பொருள். அரவிந்தர் அங்குப் பயின்ற காலத்தில் அதன் உறுப்பினராயிருந்து சிலகாலம் செயலாளராகவும் பணியாற்றினார். 1896இல் ஆக்ஸ்போர்டிலும் ஒரு மஜ்லிஸ் தோன்றியது. 1907இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த ஜவகர்லால் நேரு, மஜ்லிஸில் அரசியல் பேசப்பட்டது உண்மையே எனினும், பொருளைக் காட்டிலும் பல்கலைக்கழகச் சொற்போர் மன்றத்தின் நடையைப் பின்பற்றுவதிலேயே ஆர்வம் மிகுந்திருந்தது என்று தம் சுயசரிதையில் குறைகூறுவார். இக்குறை மெய்யே. ஆயினும், ஆள்வோரின் சொற்போர் முறையை ஆளப்படுவோர் பழகிக்கொள்ளுதல் சிறுசெயல் அன்று. திருச்செங்கோட்டைச் சார்ந்த சுப்பராயன் குடும்பத்து மோகன் குமாரமங்கலம் 1938இல் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

மாணவர் தாமே பேசத் தொடங்கியதும் அரசு கவலை கொண்டது. 1907இல் இந்திய மாணவர் நிலையை ஆராய லீ-வார்னர் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1922 வரை வெளியிடப்படவே இல்லை. 1909இல் இந்திய மாணவர்க்கெனத் தகவல் பணியகம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. மறு ஆண்டு அது குரோம்வெல் சாலை 21ஆம் இலக்கக் கட்டடத்தில் இடம்பெற்றது. தேசிய இந்தியச் சங்கமும் அதே கூரையின்கீழ் வந்தது. தங்குமிடமும் அறிவுரையும் விருந்தும் ஓரிடத்தில் கிடைத்தபோதிலும், தம்மை வேவு பார்க்கும் இடமென்றே மாணவர் பலர் அதனை ஐயுற்றனர். விருந்தோம்பலும் கண்காணிப்பும் ஒரே கதவின் வழியே நுழையும்போது விருந்தின் சுவை கெடுகிறது என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம்.

இந்தியா ஹவுஸ்: பந்தியும் பிளவும்

சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் இலண்டனின் ஹைகேட் பகுதியில் இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் 1907இல் சட்டம் பயில இலண்டன் சென்று அவ்விடுதியோடு இணைந்தார். பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் கூடியிருந்த அவ்வில்லம் விரைவில் புரட்சியாளரின் பாசறையாக மாறியது. 1909ஆம் ஆண்டு சூலை முதல் நாள், தேசிய இந்தியச் சங்கம் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் நடத்திய மாலை விருந்தின்போது மதன்லால் திங்ரா கர்சன் வில்லியைச் சுட்டுக்கொன்றார். அவரைக் காக்க முனைந்த மருத்துவர் லால்காகாவும் உயிரிழந்தார். விருந்தினராக அழைத்த மன்றத்தின் கூடத்தில், தாமே கூடிய மன்றத்தின் சீற்றம் வெளிப்பட்டது. அதன்பின் இந்தியா ஹவுஸ் கலைந்தது. ஐயர் 1910இல் தப்பிப் புதுச்சேரியை அடைந்தார்.

ஐயரின் பிற்கால வாழ்வும் இப்பொருளோடு தொடர்புடையதே. அவர் 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் ஒன்றை நிறுவினார். அங்கு மாணவரிடையே தனிப்பந்தி இருந்தது என்னும் செய்தி வெளிப்பட்டபோது வரதராசலு நாயுடு, பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் கடுமையாக எதிர்த்தனர். 1925இல் ஐயர் மறையும்போதும் அப்பூசல் தணிந்திருக்கவில்லை. அயல்மண்ணில் ஒன்றாக உண்டவர்களாலும் தாய்மண்ணில் ஒரே பந்தியை எளிதில் நிலைநாட்ட இயலவில்லை. மாணவர் இல்லம் ஒன்றின் கொள்கையை அதன் அறிக்கையில் மட்டுமன்றி, அதன் உணவுக்கூடத்திலும் தேட வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகிறது.

அமெரிக்கக் காஸ்மோபாலிட்டன் மன்றங்கள்

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் மூன்றாம் வகை மன்றம் ஒன்று உருவாகியது. 1903இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக மன்றமும், 1904இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்மோபாலிட்டன் மன்றமும் தோன்றின. 1907இல் இத்தகைய மன்றங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. இவற்றில் அயல்நாட்டு மாணவரும் அந்நாட்டு மாணவரும் சமமான உறுப்பினராக இருந்தனர். நாடுகள் எல்லாவற்றிற்கும் மேலானது மானுடம் என்னும் கருத்தே கார்னெல் மன்றத்தின் குறிக்கோளுரையாயிற்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற இரதீந்திரநாத் தாகூர் அங்கு இத்தகைய மன்றம் ஒன்று உருவாவதில் பங்குகொண்டார். உலகினர் ஒன்றாகக் கற்கும் இடமாக இரவீந்திரநாத் தாகூர் 1921இல் விசுவபாரதியை அமைத்தமையை இதனோடு ஒருங்கு வைத்து எண்ணலாம்.

நியூயார்க்கில் ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் 1909இல் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகப் படியில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்கு வணக்கம் கூறினார். தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரமாயிற்று என்றும், தம்மிடம் பேசிய முதல் மனிதர் அவரே என்றும் அம்மாணவர் கூறினாராம். இந்நிகழ்ச்சி எட்மண்ட்ஸின் உள்ளத்தைத் தைத்தது. ஞாயிறு விருந்தாகத் தொடங்கிய அவர் முயற்சி, ராக்பெல்லரின் கொடையால் 1924இல் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்னும் பேரில்லமாக உயர்ந்தது. பின்னர் 1930இல் பெர்க்கிலியிலும் 1932இல் சிகாகோவிலும் அதைப்போன்ற இல்லங்கள் எழுந்தன. உள்நாட்டு மாணவரும் அங்கு உடனுறைந்தமையே இவ்வில்லங்களின் சிறப்பாகும். அயலாரை ஒரு மூலையில் சேர்த்துவைக்கும் விடுதியாக அவை அமையவில்லை.

துங்குவும் கூலிமும்

கெடா 1909ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தது. கெடாவின் சுல்தான் அப்துல் ஹமீதின் மைந்தராகிய துங்கு அப்துல் ரஹ்மான் 1920இல் மாநில உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் செயின்ட் கேதரின் கல்லூரியில் பயின்று 1925இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்ற காலத்தில், 1920களின் பிற்பகுதியில், பிரிட்டனில் இருந்த மலாய் மாணவர்கள் பிரிட்டன் மலாய்ச் சங்கத்தை அமைத்தனர். துங்கு அதன் முதற் செயலாளரானார். நெகிரி செம்பிலானைச் சேர்ந்த துவாங்கு அப்துல் ரஹ்மான் அதன் தலைவராக விளங்கினார். ஒரு சிறு மாணவர் சங்கத்தின் இவ்விரு பொறுப்பாளர்களும் 1957இல் முறையே விடுதலை பெற்ற மலாயாவின் முதற் பிரதமராகவும் முதல் மாமன்னராகவும் ஆயினர்.

1931இல் நாடு திரும்பிய துங்கு கெடா ஆட்சிப் பணியில் சேர்ந்தார். கூலிமில் துணை மாவட்ட அதிகாரியாகவும், பின்னர் மாவட்ட அதிகாரியாகவும் பணியாற்றினார். 1941 டிசம்பரில் சப்பானியப் படை நெருங்கியபோது, சுல்தானைப் பினாங்கிற்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டிற்கு மாறாக, மக்களை விட்டு ஆட்சியாளர் நீங்கலாகாது என்னும் எண்ணத்தில் தம் தந்தையைக் கூலிம் வட்டாரத்திற்கே அழைத்து வந்தார். அக்காலக் கூலிம் மலாய்க் கம்பங்களும், சீன ஈயச் சுரங்கத் தொழிலாளரும் வணிகரும், தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அடுத்தடுத்து வாழ்ந்த வட்டாரம். இலண்டனில் ஓரினத்தவர் சங்கத்தை நடத்திய ஒருவர் மூவினத்தவர் வாழும் மாவட்டத்தை நிருவகிக்க நேர்ந்தமை, பின்னாளில் அவர் மேற்கொண்ட கூட்டணி அரசியலுக்கு ஒரு பயிற்சிக்களமாக அமைந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

மலாயா மண்டபமும் கெர்க்பி கல்லூரியும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் துங்கு தாம் முடிக்காது விட்ட சட்டப் படிப்பைத் தொடர மீண்டும் இலண்டன் சென்றார். மலாய்ச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அதே காலத்தில் பிரையன்ஸ்டன் சதுக்கத்திலிருந்த மலாயா மண்டபம் மலாயா, சிங்கப்பூர் மாணவரின் சந்திப்பிடமாக விளங்கியது. நாட்டு உணவும் நண்பர் கூட்டமும் கிடைக்கும் அம்மண்டபம் இனவேறுபாடின்றி அனைவர்க்கும் பொதுவாயிருந்தது. 1949இல் கோ கெங் சுவீ, அப்துல் ரசாக் முதலியோர் மலாயன் பாரம் என்னும் விவாத மன்றத்தை அமைத்தனர். 1950 சனவரியில் லீ குவான் யூ நாடு திரும்பும் மாணவரின் பொறுப்பைப் பற்றி அங்கு ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஆங்கிலக் கல்வி பெற்று மீள்வோரே நாட்டை வழிநடத்தத் தக்கவராவர் என்னும் கருத்து அவ்வுரையில் மேலோங்கி நின்றது.

மாணவர் மன்றங்களின் வரலாற்றில் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளவேண்டிய மற்றோரிடம் லிவர்பூல் அருகிலிருந்த கெர்க்பி. அங்கு 1952 முதல் 1962 வரை மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இயங்கியது. மலாய், சீன, இந்தியப் பயிற்சி மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கி, ஒருவர் திருநாளை மற்றவர் கொண்டாடினர். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அங்கு வருகை தந்த துங்கு, 1957 ஆகஸ்டு 31 என்னும் விடுதலை நாளை அம்மாணவர்முன் முதன்முதலாக அறிவித்தார். உடன்பாடு இலண்டனில் கையெழுத்தானது மறுநாளே ஆகும். மாணவர் சங்கத்தில் பொதுவாழ்வைத் தொடங்கிய ஒருவர், நாட்டின் மிகப்பெரிய செய்தியை அயல்நாட்டில் பயிலும் மாணவரிடமே முதலில் பகிர்ந்துகொண்டமை பொருத்தமானதே.

தோட்டத்துப் பிள்ளைகளும் மூடிய வழியும்

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். இம்மன்றங்களுள் நுழைய இயலாதவர் யாவர்? கூலிம், பாடாங் செராய் வட்டாரத்து விக்டோரியா, ஹென்றியேட்டா போன்ற தோட்டங்களில் பால்மரம் சீவியோரின் பிள்ளைகளை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்குமேல் கற்க ஆங்கிலப்பள்ளி வேண்டும். ஆங்கிலப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. அங்குச் செல்லப் பேருந்துக் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் தேவைப்பட்டன. கெர்க்பி போன்ற கல்லூரியில் சேர ஆங்கிலவழிப் பள்ளியிறுதித் தேர்ச்சி தகுதியாயிருந்தமையால், தமிழ்ப்பள்ளியோடு கல்வி முடிந்தவர்க்கு அக்கப்பலில் இடமில்லை. நாடு திரும்பும் மாணவரே வழிகாட்டுவர் என்று இலண்டனில் பேசப்பட்டபோது, புறப்படவே இயலாதவர் கணக்கில் வரவில்லை.

மன்றம் என்னும் அமைப்பும் தோட்டத்தில் இருவேறு முகங்காட்டியது. துரைமார்க்குத் தனிக் கிளப் இருந்தது. அதில் தொழிலாளர்க்கு இடமில்லை. தொழிலாளர் மாலையில் கூடுவதற்கென நிருவாகமே ஏற்படுத்திக் கொடுத்தது கள்ளுக்கடை. கோயில் திருவிழாவும் கூத்தும் பசனையும் நீங்கலாகத் தாமே கூடிப் பேசும் வாய்ப்பு அரிதாயிருந்தது. இந்நிலையில், 1946–47இல் பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுண்ணாமையை வலியுறுத்தித் தென், நடுக் கெடாத் தோட்டங்களில் பரவியது. கள்ளுக்கடை மறியல் நாளடைவில் தொழிலாளர் உரிமைப் போராட்டமாக வளர, 1947இல் அரசு அதனை அடக்கியது. இலண்டன் மஜ்லிஸும் கெடாத் தொண்டர் படையும் தம்முள் எவ்வகையிலும் ஒவ்வாதன போலத் தோன்றும். ஆயினும், பிறர் அமைத்துக் கொடுத்த கூடுமிடத்தை மறுத்துத் தமக்குரியதைத் தாமே அமைத்துக்கொள்ளும் உணர்வு இரண்டிற்கும் பொதுவானது.

உரோமில் ஒரு தமிழ்க் கழகம்

தமிழாய்வுலகம் நன்றியோடு நினைக்கும் தனிநாயகம் அடிகளும் ஓர் அயல்நாட்டு மாணவரே. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த அவர், 1934 முதல் 1939 வரை உரோம் நகரில் இறையியல் பயின்றார். அங்குத் தமிழ் மாணவரைக் கூட்டி வீரமாமுனிவர் கழகம் என்னும் அமைப்பை நிறுவினார். இத்தாலியிலிருந்து தமிழகம் வந்து தமிழ் கற்ற ஒருவரின் பெயரை, தமிழுலகிலிருந்து இத்தாலி சென்று கற்ற மாணவர் தம் கழகத்திற்குச் சூட்டினர். அயல்நாட்டில் தம்மவர் மட்டும் கூடும் சங்கமாயினும், வந்த நாட்டிற்கும் தம் மொழிக்கும் இடையேயுள்ள உறவை அப்பெயர் உணர்த்தியது. பின்னர் அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். இலண்டனில் கல்வியியலில் ஆய்வுப் பட்டமும் பெற்றார்.

1956இல் சிங்கப்பூரில் தோன்றி, பின்னர்க் கோலாலம்பூரில் நிலைபெற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1960களில் அடிகள் தலைமையேற்றார். 1964இல் புதுடெல்லியில் உருவான அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் அவர் முயற்சியின் பயனாகும். அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியபோது அதனைத் தொடக்கிவைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். இலண்டனில் மலாய் மாணவர் சங்கத்தின் செயலாளராயிருந்தவரும், உரோமில் தமிழ் மாணவர் கழகத்தை நிறுவியவரும் தமிழாராய்ச்சிக்கென ஒரே மேடையில் கூடினர். தம் மொழியையும் தம்மவரையும் பற்றி அயல்மண்ணில் எண்ணிப் பழகியவர், தம் மண்ணில் பிறர் மொழிக்கு இடமளிக்கவும் அறிந்திருந்தார் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இன்றைய கெடாவும் மாணவர் மன்றங்களும்

விடுதலைக்குப்பின் நிலைமை தலைகீழாயிற்று. மாணவரை அனுப்பிய நாடு மாணவரை வரவேற்கும் நாடாகவும் ஆயிற்று. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் மாணவர் சங்கங்களைப் பல்கலைக்கழக நிருவாகத்தின் இறுகிய கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தன. பிற்காலத் திருத்தங்கள் அக்கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தியுள்ளன. அக்கட்டுப்பாட்டிற்கிடையிலும் ஆக்கப் பணிகள் நிகழ்ந்தன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986 முதல் நடத்திய சிறுகதைப் போட்டியும் அதன்வழி வெளிவந்த பேரவைக் கதைகள் தொகுப்புகளும் மலேசியத் தமிழ் இலக்கியத்திற்குக் கிடைத்த மாணவர் கொடையாகும்.

1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் அயல்நாட்டு மாணவர் வருகைக்கு வழியை அகலத் திறந்தது. அதே ஆண்டு கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்மரக் காடுகள் இருந்த வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. கெடாவில் 1984இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கிலும், 2001இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் குனோங் ஜெராய் அடிவாரத்துச் செமிலிங்கிலும் அமைந்துள்ளன. பின்னையதன் வளாகம் பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லிடங்களுக்கு அண்மையில் உள்ளது. ஈ-ட்சிங் கப்பலேறிய கரைக்கு அணித்தே மருத்துவம் பயிலும் இளைஞர் இன்று விடுதியில் வாழ்கின்றனர். தோட்டத் தொழிலாளர் வழியில் வந்த பிள்ளைகளுக்கும் இவ்வளாகங்களின் கதவு திறந்துள்ளது. முன்பு கப்பலில் இடம்பெறாத குடும்பத்தினர் இப்பொழுது விருந்தினரை எதிர்கொள்ளும் இடத்தில் உள்ளனர் என்பது இவ்வரலாற்றின் பெரிய மாற்றமாகும்.

இம்மாற்றம் ஒரு பொறுப்பையும் உடன் கொணர்கிறது. அயல்நாட்டு மாணவர் மன்றம் என்பது பெரும்பாலும் மாணவர் விவகாரப் பிரிவின் ஏற்பாடாக, ஆண்டிற்கொருமுறை உணவு விழாவும் ஆடை அணிவகுப்பும் நடத்துவதோடு அமைந்துவிடக்கூடும். ஆடையும் உணவும் அறிமுகமானபின் மொழியும் சிந்தனையும் அறிமுகமாக வேண்டும். தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் மாணவரை உள்ளூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் வாசகர் வட்டங்களும் அழைத்துப் பேசச் செய்தலும், பிற நாட்டு மாணவர்க்குத் தமிழ்ப்பள்ளிகளையும் தோட்ட வரலாற்றையும் அறிமுகப்படுத்துதலும் எளிதில் செய்யத்தக்கன. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. எட்மண்ட்ஸின் பேரில்லமும் ஒரு வணக்கத்திலிருந்தே தொடங்கியது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அயல்நாட்டு மாணவர்க்கென அமைப்புகள் மூவகையில் எழுந்துள்ளன. புரவலர் அமைத்தவை தங்குமிடத்தையும் விருந்தையும் தந்தன. ஆனால் மாணவரின் நம்பிக்கையை எளிதில் பெறவில்லை. மாணவர் தாமே அமைத்தவை பேச்சுரிமையையும் தலைமைப் பயிற்சியையும் தந்தன. ஆனால் தம்மவர் எல்லைக்குள் நின்றுவிடும் இயல்புடையனவாயின. இருசாராரும் கூடி அமைத்தவையே நீடித்த பயன் விளைத்தன. நாளந்தாவிலும் நியூயார்க்கிலும் இதுவே காணப்படுகிறது.

இரண்டாவதாக, மன்றத்தின் சிறப்பை அதன் உறுப்பினரைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அதன் வாயிலுக்கு வெளியே நின்றோரையும் கணக்கிடவேண்டும். மலாயா மண்டபத்தின் வரலாற்றைக் கூலிம் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போதே அதன் முழு உருவம் புலனாகிறது.

மூன்றாவதாக, விருந்தினராயிருந்த பட்டறிவு, பின்னர் விருந்தோம்புவோர்க்குத் துணைசெய்ய வேண்டும். இலண்டனிலும் உரோமிலும் அயலாராய் வாழ்ந்தோர் 1966இல் கோலாலம்பூரில் உலகத் தமிழறிஞரை வரவேற்ற நிகழ்ச்சி இதற்கு எடுத்துக்காட்டு. கெடாவின் வளாகங்களில் இன்று அயலாராய் வாழும் மாணவர் தத்தம் நாடு திரும்பித் தம் கல்விக்காலத்தை எழுதும்போது, ஈ-ட்சிங் எழுதிய குறையை மீண்டும் எழுதாதவாறு பார்த்துக்கொள்ளுதல் இம்மண்ணில் வாழ்வோர் கடமையாகும்.